பழைய வீடுகளின் வெளிப்புற மரவேலை: சீர்செய்தலும் பராமரித்தலும்

டில்லியின் பழைய நகரமாகிய ஷாஜஹானாபாத் 1639-ஆம் ஆண்டில் நிர்மாணிக்கத் தொடங்கப்பெற்றது. முற்றத்தைச் சுற்றி அமைந்த 'ஹவேலி' என்னும் மாளிகைகள் பல அதன் குறுகிய தெருக்களில் இன்றும் நிற்கின்றன. 1887-இல் கட்டப்பெற்ற தரம்புரா ஹவேலி சீர்செய்யப்பெற்று 2016-இல் திறக்கப்பட்டது; மறு ஆண்டில் யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்றது. ஆயினும், பழுதுற்ற மரக்கதவைக் கழற்றிவிட்டு இரும்புக் கதவைப் பொருத்துவோரே பலர். கதவு கெடுவதற்கு முதற்காரணம் அதன் வயதன்று, நீரே என்பதை அறிந்தால் இவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

ஈரமும் மரமும்

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று உலர்ந்தபோது அதனை வெளிவிடும். டில்லியில் 'லூ' என்னும் அனற்காற்று வீசும் மே, ஜூன் மாதங்களில் மரம் சுருங்கிப் பலகைகளுக்கிடையே இடைவெளி தோன்றுகிறது. ஆகஸ்டு மாத மழையில் அதே கதவு பருத்து நிலையில் இறுகுகிறது. இம்மாற்றம் பலகையின் அகலத்திலேயே நிகழும். நீளத்தில் மிகச் சொற்பம். சட்டத்தின் பள்ளத்தில் பலகையைத் தளர்வாகச் செருகிவைத்த பழைய தச்சர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அப்பலகையை ஆணியடித்து இறுக்கினால் அது வெடித்துவிடும்.

மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்திற்குக் குறைவாயிருக்கும் வரையில் அதனை மக்கச் செய்யும் பூஞ்சணம் வளர்வதில்லை. நீர் விரைவாகப் புகுவது வெட்டுமுனைகளின் வழியாகும். ஆகவே நிலைக்கால்களின் அடி, சட்டங்களின் பொருத்துவாய், சாளரத்தின் கீழ்க்கட்டை ஆகியவையே முதலில் கெடுகின்றன.

சீர்செய்யும் முறை

முதற்கண் நீர் வரும் வழியை அடைத்தல் வேண்டும். ஒழுகும் கூரைக் குழாய், நிலைக்காலைத் தொட்டு நிற்கும் ஈரமண், விரிசலுற்ற சுவர்ப்பூச்சு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் வர்ணம் பூசுவது வீண்செலவாகும். பின்னர்க் கூரிய ஊசியால் மரத்தைக் குத்திப் பார்க்கவேண்டும். ஊசி எளிதில் இறங்குமிடம் மக்கியதாகும். அப்பகுதியை மட்டும் உறுதியான மரம் வரையில் வெட்டியெடுத்து, அதே இனத்தைச் சேர்ந்த, நன்கு உலர்ந்த, வைரம் பாய்ந்த மரத்தை ஒட்டுப்போடலாம்.

புது மரத்தின் வெட்டுமுனைகளுக்குப் பாதுகாப்பு மருந்து இடுதல் நன்று. இத்துறையில் இந்தியாவுக்குத் தனிப்பெருமை உண்டு. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக்கள் சேர்ந்த மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் கண்டுபிடித்தார். அது பின்னர் உலகெங்கும் பரவியது. எனினும் ஆர்சனிக் நச்சுப்பொருளாதலின், வீடுகளில் அதன் உபயோகம் பல நாடுகளில் இந்நூற்றாண்டில் குறைக்கப்பட்டுள்ளது. கையாளுதற்கு எளிய போரான் உப்புக் கரைசலை உபயோகிக்கலாம். அது மழையிற் கரைந்து போகுமாதலால் அதன்மேல் வர்ணப்பூச்சு இன்றியமையாதது.

ஓர் எச்சரிக்கை

பழைய வர்ணத்தைச் சுரண்டுங்கால் மிகுந்த கவனம் தேவை. இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் இயற்றப்பெற்று, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னர்ப் பூசப்பெற்ற அடுக்குகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். எனவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தலும், தீச்சுடரால் வர்ணத்தைக் கருக்குதலும் கூடா. மேற்பரப்பை நனைத்துச் சுரண்டவேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற மாதரையும் அவ்விடத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும். துகள்களைத் துடைப்பத்தாற் பெருக்காமல் ஈரத்துணியால் திரட்டி, மூடிய பையில் இடவேண்டும். நுண்டூசியைத் தடுக்கும் முகமூடி அவசியம். வாயிற் கட்டிய துணி போதாது.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தைகளைச் சுருட்டி எறிவதும் ஆபத்தே. எண்ணெய் உலரும்போது வெப்பம் பிறந்து கந்தை தானே தீப்பற்றும். அவற்றை நீரில் அமிழ்த்திவைத்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் செய்யவேண்டுவன

டில்லியில் வர்ணம் பூசுதற்கு ஏற்ற காலம், மழை நின்று மரம் உலர்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்களாகும். மழைக்கு முன்னர் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் பொருத்துவாய்களைப் பார்வையிட்டு, வர்ணம் உரிந்த இடங்களை உடனே மூடிவிடவேண்டும். சுவரையொட்டிக் கறையானின் மண்புற்றுத் தென்படுகிறதா என்பதையும் கவனித்தல் நலம்.

ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாகவே அமைக்கலாம். பள்ளியின் பழைய கதவொன்றில் பலகைகளின் இடைவெளியை ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் மாணவர்களைக் கொண்டு அளவுகோலால் அளந்து குறிக்கச் செய்தால், மரம் ஈரத்தை ஏற்று விரிவதை அவர்கள் கண்கூடாக அறிவர்.