நீர்த் திரிகையும் ஜல வீழ்ச்சியும்

ஓடும் ஜலத்தால் தானியம் அரைத்தால் எண்ணெய்ச் செலவும் மின்சாரச் செலவும் இல்லை. ஆகவே, புதுவையில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி இவற்றின் மதகடியில் அவ்வித யந்திரம் வைக்கலாகாதா என்று விவசாயிகள் வினவக்கூடும். விடை கூறுமுன் அது வேலை செய்யும் விதத்தை அறிதல் அவசியம்.

இமயமலைச் சாரலில், உத்தராகண்டம், ஹிமாசலப் பிரதேசம் ஆகிய ராஜ்யங்களில், 'கராட்' எனப்படும் நீர்த் திரிகைகள் பல தலைமுறைகளாக வழங்கி வருகின்றன. ஓடையினின்று சிறு வாய்க்கால் வெட்டி, ஜலத்தைத் திரிகைக் குடிசைக்கு மேற்புறம் கொணர்வர். அங்கிருந்து அது சரிவான மரத்தொட்டி வழியே வேகமாய் இறங்கி, தளத்தின் கீழே படுக்கையாக அமைந்த சக்கரத்தின் இலைகளை மோதும். சக்கரத்தினின்று நிமிர்ந்த அச்சு, கீழ்க்கல்லின் துளை வழியே சென்று மேற்கல்லைப் பற்றியிருக்கும். எனவே, பற்சக்கரமோ வாரோ இன்றி, சக்கரம் சுற்றுந்தோறும் மேற்கல் சுற்றும்; கீழ்க்கல் அசையாது.

மேலே தொங்கும் கூடையினின்று தானியம் மேற்கல்லின் துவாரத்தில் விழும். கூடையுடன் இணைந்த குச்சியொன்று மேற்கல்லின்மீது துள்ளுவதால், கல் விரைந்தால் தானியம் அதிகமாகவும், தளர்ந்தால் குறைவாகவும் விழும். கல் நின்றால் தானியமும் நிற்கும். அச்சைத் தாங்கும் கட்டையை நெம்பி உயர்த்தினால் மாவு பருவெட்டாகும், தாழ்த்தினால் நைசாகும். ஜலம் செலவாவதில்லை; சக்கரத்தை விட்டு மீண்டும் ஓடைக்கோ வயலுக்கோ செல்லும்.

சக்தி முழுவதும் ஜலத்தின் அளவையும் வீழ்ச்சியையும் பொறுத்தது. விநாடிக்கு 1 கன அடி ஜலம் 10 அடி விழுந்தால், கணக்குப்படி 1 குதிரைச் சக்திக்குச் சற்று அதிகமாகும். அதே ஜலம் 2 அடியே விழுந்தால் கால் குதிரைச் சக்திக்கும் குறைவு. மரச்சக்கரத்தில் அதிலும் பெரும்பகுதி வீணாகும்.

புதுவையோ கடலோரச் சமபூமி. மதகடியில் வீழ்ச்சியை உண்டாக்கச் சக்கரக் குழியைத் தாழ்த்தினால், வெளிவரும் ஜலம் வயல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். வாய்க்காலை அடைத்து மட்டத்தை உயர்த்தினால், கடைமடைக்காரருக்குப் பாசனம் தாமதப்படும். அதனால் வழக்குகளும் விளையும். மேலும், மதகு மூடிய காலத்தில் யந்திரம் சும்மா கிடக்கும்.

ஆதலால், எவ்விடத்திலாயினும் நீர்த் திரிகை அமைக்க விரும்புவோர், முதலில் வீழ்ச்சியை மட்டக்கோல் கொண்டும், ஜலத்தின் அளவைக் கோடைக்காலத்திலும் அளந்தறிய வேண்டும். மலைச்சரிவில் இது லாபகரமான யந்திரம். ஏரிப் பாசனச் சமபூமியில் ஜலத்தைப் பயிருக்கே விடுவது உத்தமம். மதகடியில் எந்த அமைப்பிற்கும் அனுமதி கேட்கப்படுமிடத்து, கிராம அதிகாரிகள் கடைமடை வயல்களின் நிலைமையை நேரிற் பார்வையிட்ட பின்னரே சிபாரிசு செய்தல் வேண்டும்.