கீமோ நடக்கும்போது கஷாயமா? டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா?

உத்தமபாளையம் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், மதுரைக்குப் பஸ் ஏறும் முன்பே யோசனைகள் வந்து குவிந்துவிடும். முள் சீத்தா இலையைக் கொதிக்க வை, சீந்தில் பொடி கொடு, மஞ்சள் சத்தான குர்குமின் மாத்திரை நல்லது, திராட்சை விதை கேப்ஸ்யூல் உடம்பைத் தேற்றும் என்பார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் சிகிச்சை நடக்கும் மாதங்களில் இவை எல்லாமே சாதுவானவை அல்ல. நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தே கிடைத்தது. மூலிகைக்கு வீரியம் உண்டு என்பதால்தான் கவனம் வேண்டும்.

ஆபத்து எங்கே?

கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கிப் புற்றணுக்களை அழிக்கின்றன. குர்குமின், திராட்சை விதை போன்றவற்றில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் அந்த ராடிக்கல்களை அடக்குவது. அப்படி அடக்கும்போது புற்றணுவும் தப்பிவிடலாம் என்பதே டாக்டர்களின் கவலை. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பேரைக் கவனித்தது. கீமோவுக்கு முன்பும் அதன்போதும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. இது முடிந்த முடிவு அல்ல. ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

அடுத்தது கல்லீரல். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரையை உடம்புக்குள் வேலை செய்யும் மருந்தாக மாற்றுவது அதுதான். மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரை அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைப்பதை 2019-ல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. சீந்தில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். முள் சீத்தா மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

குழம்பில் போடும் மஞ்சளுக்கோ, கம்பம் பன்னீர் திராட்சைக்கோ பயப்பட வேண்டாம். கவலை, செறிவூட்டிய மாத்திரை, பொடி, சாறு பற்றியது. அதேபோல, டாக்டரே எழுதிக்கொடுத்த வைட்டமினை நிறுத்தவும் கூடாது. பெமெட்ரெக்ஸெட் போன்ற கீமோவுக்கு ஃபோலிக் அமிலமும் பி12-ம் கட்டாயம்.

என்ன செய்யலாம்?

- வீட்டில் எடுக்கும் பொடி, லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதும், வேறொரு டாக்டரின் கருத்தைப் பெறுவதும் நோயாளியின் உரிமை.
- சித்த மருத்துவரிடம் போனால், நடக்கும் கீமோவின் விவரத்தை அவருக்கும் சொல்லுங்கள்.
- ஆபரேஷன் தேதி குறித்துவிட்டால், ரத்தப்போக்கைக் கூட்டக்கூடிய வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.
- பணம் இல்லை என்று சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

ஏமாற்றினால்?

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். சத்து மாத்திரை டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். பில் வாங்கி வைத்திருந்தால், 2 ஆண்டுகளுக்குள் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915. மருத்துவ ஆலோசனைக்கு 104.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.