பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகள்

குளிர்காலப் பறவைகள் வந்திறங்கும் ஏரியால் பெயர்பெற்ற சாந்த்ராகாச்சியிலிருந்து ஹவுராவுக்குப் புறநகர் ரயிலில் சிறிது நேரப் பயணமே. அங்கே 1924-இல் தொடங்கப்பட்ட நரசிங்க தத் கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. ஆட்சிப் பணியை நாடும் மகளுக்கு இத்தகைய கல்லூரி போதுமா, கடன் பெற்றேனும் தனியார் கல்லூரியில் சேர்ப்பதா என்று தயங்கும் பெற்றோர் உண்டு.

குடிமைப் பணித் தேர்வு கேட்பது அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டத்தை மட்டுமே. கல்லூரியின் பெயரையோ மதிப்பெண் விழுக்காட்டையோ அன்று. திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டமும் செல்லும். (மருத்துவம் வேறு, அங்கே கல்லூரியே பயிற்சிக்களம்.) பொதுப் பிரிவினருக்கு 32 வயதுக்குள் 6 வாய்ப்புகள் உள்ளன. பயிற்சிக்கும் விடுதிக்கும் பணம் கரைவது அந்த ஆண்டுகளில்தான். கல்விக் கடனின் தவணையோ, வழக்கமாகப் படிப்பு முடிந்த ஓராண்டில் தொடங்கிவிடும். தேர்வு முடிவுக்காக அது காத்திராது. மகளுக்கு வருவாய் இல்லையெனில், உடன் கையெழுத்திட்ட தந்தையின் ஓய்வூதியத்திலிருந்தே அதைக் கட்ட நேரும்.

ஆகவே பட்டத்துக்குக் குறைவாகச் செலவிட்டு, சேமிப்பைப் பின்னாளுக்கு வைப்பதே நன்று. கடன் வேண்டுவோர், மேற்கு வங்க அரசு 2021-இல் தொடங்கிய மாணவர் கடன் அட்டைத் திட்டத்தைக் கருதலாம். 10 லட்சம் ரூபாய் வரை, 4 விழுக்காடு தனிவட்டி; போட்டித் தேர்வுப் பயிற்சிக்கும் பொருந்தும். தாய்மொழி எதுவாயினும், மாநிலத்தில் 10 ஆண்டுகள் வசித்திருத்தல் வேண்டும்.