வடசென்னைத் துறைமுகப் பகுதியில் கொள்ளைநோயும் குடிகளின் பிழைப்பும்

தொத்துநோய் ஒன்று தேசமெங்கும் பரவுங்காலத்தில், அதனால் விளையும் தீங்கு நோயாளிகளின் தொகையைக் கொண்டு மட்டும் அளக்கத்தக்கதன்று. நோய் தொடாத வீட்டிலும் அடுப்பு அணைகிறது. நோய் காணாத கிராமத்திலும் விளைந்த பண்டம் வயலிலேயே கிடந்து அழுகுகிறது. இஃது எவ்வாறு நேரிடுகிறது என்பதை அறிய, 2020-ஆம் வருஷத்தில் சென்னையின் வடபாகத்திலுள்ள இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் நிகழ்ந்தவற்றை ஆராய்தல் நலம். அவை பட்டணத்தைச் சேர்ந்தவையாயினும், குடியானவருடைய உரம், தீவனம், வேலைக்குப் போன பிள்ளைகளின் வரும்படி ஆகிய பலவும் அப்பகுதியோடு ஏதேனும் ஒரு வகையில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகவே அங்கு நேர்ந்தது கிராமத்தாருக்கும் பாடமாகும்.

நோய் பரவிய விதம்

1918-ஆம் வருஷத்து விஷஜுரம் கப்பல் வழியாகப் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, இரயில் பாதைகளைப் பற்றிக்கொண்டு உள்நாடெங்கும் சென்று, இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கொரோனா நோயோ பெரும்பாலும் ஆகாய விமானப் பிரயாணிகள் மூலமாக வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சு 11-ஆம் தேதி அதனை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மார்ச்சு 25-ஆம் தேதி முதல் இந்தியா முழுவதிலும் 21 நாள் ஊரடங்கு விதிக்கப்பட்டு, பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

இந்நோய் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. நோய்க்குறி தோன்றுமுன்னரே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றக்கூடியது. ஆகையால் ஒருவரையொருவர் விலகியிருத்தலே அப்பொழுது முதன்மையான காப்பாயிற்று. ஆனால் விலகியிருப்பதற்கு இடம் வேண்டும். ஜார்ஜ் டவுனின் சந்துகளையும் மீனவர் குடியிருப்புகளையும் தன்னகத்தே கொண்ட இராயபுரம் மண்டலத்தில், ஒரே அறையில் ஐவர் அறுவர் படுத்துறங்கும் வீடுகள் பல. தண்ணீருக்குத் தெருக்குழாய் அல்லது லாரி. கழிப்பிடமும் பல குடும்பங்களுக்குப் பொது. இத்தகைய இடத்தில் விலகியிருங்கள் என்னும் சொல் செவியில் விழுமேயன்றிச் செயலில் வாராது. சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களுள், 2020 மே மாதத்தில் நோய் கண்டவர் தொகையில் இராயபுரம் முதலிடத்தில் நின்றதற்கு இந்நெருக்கம் ஒரு முக்கிய காரணமாகும். ஜனங்களின் அசட்டையே காரணமென்று கூறுவது பொருந்தாது.

மாநகராட்சியார் வீடுதோறும் ஆட்களை அனுப்பிக் காய்ச்சல் உள்ளவர்களை விசாரித்தும், தெருக்களிலேயே காய்ச்சல் முகாம்கள் நடத்தியும் நோயாளிகளைக் கண்டறிந்தனர். பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தின் அருகில் எழுந்ததால் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்கிவரும் ஸ்டான்லி மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தனி வார்டுகள் ஏற்பட்டன.

கடற்றொழில் நின்றது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு ஒன்று கடலுக்குப் போய் வருமானால், அதனால் பிழைப்பவர் படகிலுள்ளவர்கள் மாத்திரமல்லர். டீசல் கொடுப்பவர், ஐஸ் உடைப்பவர், வலை பழுது பார்ப்பவர், ஏலம் விடுபவர், கூடை சுமப்பவர், மீனை வெட்டிச் சுத்தம் செய்பவர், தலைக்கூடையில் தெருத்தெருவாக விற்கும் பெண்கள் ஆகிய அனைவரும் அந்தப் படகையே நம்பியிருப்பவர்கள். படகில் வேலை செய்வோருக்கு மாதச் சம்பளம் இல்லை. டீசல், ஐஸ் முதலிய செலவு போக எஞ்சியதில் பங்கு. படகு கரையில் நின்றால் பங்கும் இல்லை.

கிழக்குக் கரையில் மீன்கள் இனம் பெருகும் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்நாட்களுக்கென்று மீனவர் முன்கூட்டியே சிறிது சேர்த்து வைப்பர்; சர்க்காரும் நிவாரணத் தொகை அளிப்பர். 2020-இல் அத்தடைக்கு மூன்று வாரம் முன்னதாகவே ஊரடங்கு வந்துவிட்டபடியால், சேமிக்க வேண்டிய நாட்களில் சேமிப்பைச் செலவழிக்க நேர்ந்தது. இக்கஷ்டத்தை உத்தேசித்து அவ்வருஷத்துத் தடை மே 31-ஆம் தேதியுடன் முடிக்கப்பட்டு, 47 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் சென்னையில் ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை கடுமையான ஊரடங்கு மீண்டும் வந்தது. ஏலக்களத்தில் கூட்டம் கூடலாகாது என்ற விதியால், மீன் வந்த நாட்களிலும் சில்லறையாக வாங்கி விற்கும் பெண்கள் தொழிலை இழந்தனர்.

மீன் பிடிபடாவிடின் கருவாடும் மீன்தூளும் குறையும். மீன்தூள் கோழித் தீவனத்தில் சேர்வது. அவ்வருஷத் தொடக்கத்திலோ, கோழியால் நோய் பரவும் என்று எழுந்த பொய் வதந்தியால் நாமக்கல் பக்கத்துக் கோழி, முட்டை விலைகள் முன்னரே வீழ்ந்திருந்தன. ஆதாரமற்ற ஒரு சொல் பண்ணையாளருக்கு எத்தகைய நஷ்டத்தை உண்டாக்கும் என்பதற்கு இது திருஷ்டாந்தமாகும்.

துறைமுகமும் ஆலைகளும்

சென்னைத் துறைமுகமும், எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகமும் அத்தியாவசிய சேவையாகக் கருதப்பட்டு, ஊரடங்கிலும் திறந்திருந்தன. எனினும் சரக்கு முன்போல நகரவில்லை. சரக்கை வாங்க வேண்டிய ஆலைகள் பல மூடப்பட்டன. லாரி டிரைவர்கள் ஊர் திரும்பினர். வழியில் அவர்களுக்குச் சோறு போடும் கடைகளும் அடைபட்டன. துறைமுகத்தின் வாயில் திறந்திருந்தும், அதற்கப்பால் சங்கிலியின் கண்ணிகள் அறுந்துகிடந்தன. நம் நாட்டு வயல்களுக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வருவதையும், மணலியிலும் எண்ணூரிலும் உரத்தொழிற்சாலைகள் இருப்பதையும் நினைவில் கொண்டால், லாரி ஓட்டுபவன் ஒருவன் சாலையில் உணவின்றி நிற்பது குடியானவரின் பயிரையும் பாதிக்கும் என்பது விளங்கும்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் பீஹார், ஒடிசா, வங்காளம் முதலிய இராஜ்யங்களிலிருந்து வந்து ஒப்பந்தக்காரர்களின் கீழ் வேலை செய்வோர் அநேகர். வேலை நின்றதும் கூலி நின்றது, வாடகையோ நிற்கவில்லை. ரயில்களும் பஸ்களும் ஓடாமையால், சிலர் மூட்டைகளைச் சுமந்து வடக்கு நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டனர். மே மாதம் முதல் தொழிலாளருக்கென்று விசேஷ ரயில்கள் விடப்பட்டன. தொழிற்சாலைகள் பின்னர் திறந்தபோது, முதலாளிகள் ஆள் கிடைக்காமல் திண்டாடினர்.

காய்கறி அங்காடியின் கதை

சென்னையின் காய்கறி வியாபாரம் 1996 வரை வடசென்னையில் ஜார்ஜ் டவுனைச் சேர்ந்த கொத்தவால் சாவடியில் நடைபெற்றது. பின்னர் அது சுமார் 295 ஏக்கர் பரப்புள்ள கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. பல ஜில்லாக்களின் காய்கறி, கனி, பூ யாவும் அந்த ஓரிடத்தில் குவிந்து பிரிந்தன. 2020 ஏப்ரல் இறுதியில் அங்காடியில் நோய் கண்டு, மே 5-ஆம் தேதி அது மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய சுமைகூலிகள் மூலமாக அரியலூர், கடலூர், விழுப்புரம் முதலிய ஜில்லாக்களிலும் நோய் பரவிற்று. காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 28-ஆம் தேதிதான் கோயம்பேட்டிற்குத் திரும்பியது.

இவ்விடைக்காலத்தில் குடியானவரிடம் காய்கறி இருந்தது. இராயபுரத்துச் சந்துகளில் அதனை வாங்க வேண்டிய வாயும் வயிறும் இருந்தன. நடுவிலிருந்த கைகளே நின்றுபோயின. கோயில்கள் மூடப்பட்டு, கலியாணங்களும் குறைந்தபடியால், பூப்பயிரிட்டவர் பறிக்கும் கூலிக்கும் வழியின்றிச் செடியிலேயே பூவை வாடவிட்டனர். ஒரே வாயிலுள்ள களஞ்சியத்தில் அவ்வாயில் அடைபட்டால் உள்ளிருப்பது எவ்வளவாயினும் பயனில்லை.

கடனும் உதவியும்

நாட்கூலியில் வாழ்வோருக்குச் சேமிப்பின் இடத்தில் நிற்பது கடன். வங்கிக் கடன்களின் தவணையை 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது. ஆனால் கூடைக்காரப் பெண்கள் வாங்குவது தினந்தோறும் வசூலிக்கப்படும் தண்டல் கடன். அச்சலுகை அதற்கு எட்டவில்லை. ஏட்டில் இல்லாத கடனுக்கு ஏட்டிலுள்ள உதவி சேராது என்பது இதனால் தெளிவாகும்.

தமிழ்நாட்டு அரசு 2020 ஏப்ரலில் அரிசிக் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கியது. மத்திய அரசின் திட்டப்படி ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் அனுமதிக்கப்பட்டது. அம்மா உணவகங்களில் சில காலம் உணவு இலவசமாக அளிக்கப்பட்டது. 2021-இல் இரண்டாம் அலை வந்தபோது அரிசிக் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் இரு தவணைகளில் 4,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. இவ்வுதவிகள் பட்டினியைப் பெரிதும் தடுத்தன. ஆயினும் அட்டை சொந்த ஊரிலும் ஆள் எண்ணூரிலுமாக இருந்தவர்களுக்கு முதல் மாதங்களில் அவை எட்டவில்லை.

பணத்தால் ஈடு செய்ய இயலாத நஷ்டமும் உண்டு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையிலுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. பாடம் கைபேசி வழியாக நடந்தது. வீட்டிற்கு ஒரே கைபேசி, அதுவும் வேலை தேடிப்போகும் தகப்பனிடம் என்ற நிலையில், பிள்ளைகள் பலர் கற்றதையும் மறந்தனர்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

2021 ஜனவரி 16-ஆம் தேதி தொடங்கிய தடுப்பூசியாலும், ஜனங்களிடையே ஏற்பட்ட எதிர்ப்புச் சக்தியாலும் நோயின் வேகம் நாளடைவில் தணிந்தது. 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் அவசரநிலை முடிந்ததாகத் தெரிவித்தது. எனினும் வேறொரு தொத்துநோய் வாராதென்று எவரும் உறுதி கூற இயலாது. ஆதலின் நோயில்லாத காலத்திலேயே பின்வருவனவற்றைச் செய்துவைத்தல் நன்று.

1. குடியானவர் தம் விளைவு முழுவதையும் ஒரே அங்காடிக்கு அனுப்பும் வழக்கத்தைக் குறைத்து, உழவர் சந்தை, அருகிலுள்ள பட்டணத்துக் கடைகள், கூட்டுறவுச் சங்கம் என இரண்டாவது வழியொன்றை எப்பொழுதும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். வாங்குவோர் பழக்கம் ஆபத்துக் காலத்தில் ஒரே நாளில் உண்டாவதன்று.

2. உரம், விதை ஆகியவற்றை விதைப்பு நாள் நெருங்கும்வரை காத்திராமல், தேவையான அளவு முன்னதாக வாங்கிவைக்கலாம். தேவைக்கு மேல் பதுக்குவது அயலாருக்குக் கேடு விளைக்கும்.

3. நிலமில்லாமல் நாட்கூலியில் வாழும் குடும்பங்கள் எவை, வெளியூரில் வேலைக்குப் போயிருப்பவர் யார், குடும்ப அட்டையோ வங்கிக் கணக்கோ இல்லாதவர் எவர் என்று கிராம அதிகாரிகள் ஒரு ஜாபிதா தயாரித்து வருஷந்தோறும் திருத்திவருதல் அவசியம். இது கையிலிருந்தால் உதவி ஒரு வாரத்தில் போய்ச் சேரும். இல்லாவிடில் ஒரு மாதமாயினும் சேராது.

4. பட்டணத்திலிருந்து திரும்புவோரைக் குற்றவாளிகள்போல் நடத்தலாகாது. அவ்வாறு நடத்தினால் அவர்கள் மறைந்து வருவர். நோயும் மறைந்தே பரவும். ஊர்ப் பள்ளிக்கூடம் போன்ற பொதுக் கட்டடம் ஒன்றில் தண்ணீர், கழிப்பிடம், உணவு ஆகிய வசதிகளுடன் தங்கவைத்தால், ஊருக்கும் நலம், வந்தவருக்கும் மரியாதை.

5. நோயைப் பற்றிய வதந்திகளை நம்பி ஒரு பண்டத்தையோ ஒரு சாராரையோ விலக்குமுன், ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடம் விசாரித்து உண்மை தெரிந்துகொள்ள வேண்டும்.

காசிமேட்டுக் கூடைக்காரியும், எண்ணூர் லாரிக்காரனும், கோயம்பேட்டுச் சுமைகூலியும் குடியானவரின் கண்ணில் படாமலே அவருக்கு உழைப்பவர்கள். அவர்களுடைய ஒரு நாட்கூலி நின்றால், அதன் பலன் சில நாட்களுக்குள் களத்துமேட்டிற்கு வந்து சேருகிறது. அவர்கள் பசியின்றி நோயைத் தாங்கி நிற்கும்படி செய்வது விளைபொருளுக்கு விலையைக் காப்பதும் ஆகும்.