ஜெயிலில் தாய், கோர்ட்டில் வழக்கு!

பெற்ற தாய் ஜெயிலில் இருக்கிறாள். "இனி இந்தப் பிள்ளைக்கும் இவளுக்கும் சம்பந்தம் இல்லை" என்று தீர்ப்புக் கேட்டு, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. நேரில் வர அவளால் முடியாது. தன் பக்கத்து நியாயத்தை எப்படிச் சொல்வாள்?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்குகள் உண்டு. பெற்றோர் பிள்ளையைச் சரியாகக் காப்பாற்றாவிட்டால், அரசாங்கம் பிள்ளையை எடுத்து வேறு வீட்டில் வளர்க்கும். பிறகும் நிலைமை சீர்படாவிட்டால், பெற்றோரின் உரிமையையே ரத்து செய்யும்படி கோர்ட்டில் கேட்கும். உரிமை போனால், பிள்ளையைப் பார்க்கக்கூட அதிகாரம் கிடையாது. வேறு ஒருவர் தத்து எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, இதற்குத் தெளிவான, பலமான ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1982-ல் கூறியது.

டெலிபோனில் விசாரணை

அயோவா மாநிலத்தில் ஜெயிலில் இருந்த ஒரு தாய், விசாரணை முழுவதிலும் டெலிபோன் மூலம் கலந்துகொள்ள அனுமதி கேட்டாள். கீழ்க்கோர்ட்டு மறுத்தது. தன் சாட்சியத்தை மட்டும் டெலிபோனில் சொல்லலாம் என்றது. மற்றவர்கள் தன்னைப்பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரியாமல், எப்படிப் பதில் சொல்வது? தாய் அப்பீல் செய்தாள்.

2018-ல் அயோவா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. ஜெயிலில் உள்ள பெற்றோர், தொடக்கம் முதல் முடிவுவரை டெலிபோனில் கலந்துகொள்ள வாய்ப்புத் தரவேண்டும். ஜெயிலில் அதற்கு வசதி இல்லையென்றால், மற்ற சாட்சியங்களை எழுத்தில் கொடுக்கவேண்டும். அதைப் படித்தபின் பேச விடவேண்டும். இப்படிக் கூறி, வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பியது.

பிள்ளையின் நலனே பெரிது. தீர்ப்பு தாய்க்கு எதிராகவும் வரலாம். ஆனால், அதற்கு முன் அவள் குரலைக் கேட்கவேண்டும் அல்லவா?