இளங்குதிரைக்குச் சேணம் பூட்டும் முன்... தரைப் பயிற்சி ஏன் அவசியம்?

சந்தாபுரா (பெங்களூரு): ஏறியவரின் குறிப்புக்குக் குதிரை கட்டுப்படுவதும், மிரண்டு அவரைக் கீழே தள்ளுவதும் பெரும்பாலும் அதன் முதுகில் சேணம் ஏறும் முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. தரையில் நின்றபடி அளிக்கப்படும் தொடக்கப் பயிற்சியே அதற்குக் காரணம்.

சந்தாபுரா வழியாகச் செல்லும் பெங்களூரு - ஓசூர் நெடுஞ்சாலைக்கும் குதிரைகளுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள இன்றைய அரசு கால்நடைப் பண்ணை, ஆங்கிலேயர் காலத்தில் படைக்குதிரைகளுக்கான பண்ணையாக இருந்தது. 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர், குழு என இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்ற குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா பெங்களூருவைச் சேர்ந்தவர். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 23ஆம் இடம் பெற்றார்.

குதிரை ஏன் மிரளுகிறது?

குதிரை இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. ஆபத்தை உணர்ந்தால் ஓடித் தப்புவதே அதன் இயல்பு. பக்கவாட்டில் கண்கள் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதையும் அதனால் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் பார்வை எட்டாது. எனவே தோள்பக்கமாக, குரல் கொடுத்தபடி அணுகுவதே பாதுகாப்பானது. முதுகில் திடீரென விழும் பாரம், அதற்கு வேட்டை விலங்கின் பாய்ச்சலாகவே தோன்றும்.

தரைப் பயிற்சியின் படிகள்

முதலில் தலைக்கயிறு அணிவித்து, இழுக்காமல் உடன் நடக்கவும், நிற்கவும், பின்வாங்கவும் பழக்குகின்றனர். கயிற்றில் மெல்லிய அழுத்தம் தரப்படும். குதிரை ஓரடி வைத்தவுடன் அது தளர்த்தப்படும். அந்தத் தளர்வே குதிரைக்குப் பாடம். அழுத்தம் விடாது தொடர்ந்தால், எதைச் செய்தால் விடுபடலாம் என்பது அதற்குப் புரியாது. நாளடைவில் எதிர்க்கும் அல்லது மரத்துப்போகும்.

அடுத்தது, நீண்ட கயிற்றில் வட்டமாக நடக்கவும் ஓடவும் விடும் 'லஞ்சிங்' பயிற்சி. சிறு வட்டத்தில் நெடுநேரம் சுற்றவிட்டால் கால் மூட்டுகளுக்குச் சுமை கூடும் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை திசை மாற்றி, குறைந்த நேரத்தில் முடிப்பதே முறை. பின்னர் இரு நீண்ட கயிறுகளைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி, கடிவாளத்தின் குறிப்புகளைப் பழக்குவர்.

சேணம் ஏறும்போது...

முதலில் துணி விரிப்பு, பின்னர் சேணம், அதன்பின் வயிற்று வார் என்ற வரிசையில் பழக்கப்படுகிறது. வாரை ஒரேயடியாக இறுக்கக் கூடாது. தொடக்கத்தில் ஏறுபவர் முதுகின் குறுக்கே சாய்ந்து எடையை மட்டும் உணர்த்துவார். குதிரை அமைதியாக நின்றால்தான் கால் போட்டு அமர்வார். முதல் சில நாள்களுக்கு நடையே போதுமானது.

எந்த வயதில்?

பந்தயக் குதிரைகள் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் 2 வயதிலேயே ஓடவிடப்படுகின்றன. ஆனால் முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைய 5 வயதுக்கு மேலும் ஆகலாம். அளவான உடற்பயிற்சி இளம் எலும்புகளை வலுப்படுத்தும். அளவு மீறிய சுமையும் வேகமும் காயத்தில் முடியும். சேணம் உள்பட மொத்தச் சுமை, குதிரையின் எடையில் 5இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. வளரும் குதிரைக்கு அதனினும் குறைவாக இருப்பதே நல்லது.

வரலாறு சொல்லும் பாடம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறக்குமதியானதாகவும், பேணும் முறை அறியாததால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததாகவும் பதிவு செய்துள்ளார். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளும் பராமரிப்பு அறிவின்றி நிலைக்கவில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

காதுகளைப் பின்னுக்கு மடக்குதல், வாலை ஓயாது வீசுதல், வாரைக் கட்டும்போது கடிக்க வருதல் ஆகியவற்றைப் பிடிவாதம் எனக் கருதி அடிப்பது தவறு. பொருந்தாத சேணம், முதுகுவலி, கடிவாள இரும்பு இடிக்கும் பல் ஆகியவை காரணமாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு, முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இளங்குதிரையின் மீது முதன்முறை ஏறுபவர் அனுபவம் மிக்கவராக இருப்பதும், தலைக்கவசம் அணிவதும், தரையில் ஒருவர் உடன் நிற்பதும் கட்டாயம்.