எந்தப் பெயரில் எழுதலாம்?

எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் பெண் அருமையாகக் கதை எழுதுவாள். "பத்திரிகைக்கு அனுப்பு அம்மிணி" என்றால், "வேண்டாங்கக்கா, பேர் வந்துச்சுன்னா பொள்ளாச்சியில மாமியார் வீட்ல சாடை பேசுவாங்க" என்கிறாள். அதற்காக எழுதாமலே இருப்பதா? புனைபெயர் எதற்கு இருக்கிறது?

டாக்டர் திரிபுரசுந்தரி, 'லட்சுமி' என்ற பெயரில் எழுதித்தான் 1984ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். துவரங்குறிச்சி ராஜாத்தி, புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து எழுதியவர். 'சல்மா' என்ற பெயர்தான் அவர் கவிதைகளை வெளியே கொண்டு வந்தது. 2000ல் முதல் தொகுப்பு வெளியானது. அடுத்த வருடமே பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவியும் ஆனார்! ரா.கி.ரங்கராஜன் என்று இன்னொரு எழுத்தாளர் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று எஸ்.ரங்கராஜன் தன் மனைவி பெயரில் 'சுஜாதா' ஆனார். ஆண்களே நம் பெயரைக் கடன் வாங்கும்போது நமக்கென்ன தயக்கம்?

சொந்தப் பெயரில் எழுத முடிந்தவர்கள் தாராளமாக எழுதுங்கள். முடியாதவர்கள் ஒரே புனைபெயரை வைத்துக் கொள்ளுங்கள். மாற்றி மாற்றி எழுதினால் யார் மனதிலும் பதியாது. ஆசிரியருக்கு மட்டும் உண்மைப் பெயர், முகவரியைத் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அடுத்த வீட்டு வம்பை எழுதாதீர்கள்.

முக்கியமாக, வீட்டுக்காரர் பெயரில் அனுப்பாதீர்கள். உழைப்பு நம்முடையது, பெயரும் நாம் வைத்ததாகவே இருக்கட்டுமே!

- கொங்குமதி, பீளமேடு, கோவை.